சொங்ஸ்வான் நடைமேடையில் நான் முகம் திருப்பிய நாள்

என் பிள்ளைக்கு,

இன்னும் ஒன்பது நாளில் நீ உன் சிநேகிதியோடு குடியிருக்கப் பேர்கனுக்குப் போகிறாய். அம்மா வரவேற்பறை முழுக்கப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறாள். அதில் முக்கால்வாசி நீ கேட்காத பொருட்கள். அவளுக்கு இடைஞ்சல் இல்லாமல் நான் பல்கனியில் இருந்து இதை எழுதுகிறேன். நேரே சொல்லலாமே என்று நீ நினைப்பாய். இருபத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நாம் இருவரும் நேரே கதைத்தது மிகக் கொஞ்சம். காலநிலை, சாப்பாடு, குளிர்காலத்துக்குக் கார்ச் சில்லு மாற்றும் நாள். அதற்கு மேல் போனால் இரண்டு பேருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிடும். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்பது தெரியும். அவசரம் இல்லை, நாலு நாளாக வாசி.

நீ படித்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலருக்கு, பழைய பெற்றோர் யாராவது ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். இந்தக் கடிதத்தையே கொடுக்கட்டுமா என்று உன்னிடம் கேட்டேன். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்ரை பேரைப் போடாதேங்கோ. மற்றதெல்லாம் போடுங்கோ அப்பா" என்றாய். அதனால் உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. ஆனால் இந்த மலரை வாசிக்கிற பாதிப் பேருக்கு நாம் யாரென்று தெரியும். தெரியட்டும். பொய்யை நான் நாலு பேர் கேட்கத்தான் சொன்னேன். உண்மையையும் அதே நாலு பேர் கேட்கட்டும்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்த கோடைகளிலிருந்து தொடங்குகிறேன். ஹோட்டல் சலவைப் பகுதியில் எனக்கு யூலையில் மூன்று கிழமை லீவு. உன் வகுப்புப் பிள்ளைகள் ஸ்பெயினுக்கும் கிரீசுக்கும் போன நாட்களில் நாங்கள் சொங்ஸ்வான் ஏரிக்குப் போவோம். ஹவுகன்ஸ்டுவாவில் இருந்து சித்தி குடும்பமும் வரும். அம்மாவும் சித்தியும் முதல் நாளே கோழியைத் தூள் போட்டு ஊறவைத்து, பற்றீஸ் பொரித்து, முட்டைக்கோப்பி போத்தலில் ஊற்றி, ஒரு கலியாண வீட்டுக்குக் காணும் அளவுக்குக் கட்டிக்கொண்டு வருவார்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ரொம்சோசில் மலையைக் குடைந்து கட்டிய அந்த நிலையத்துக்குள் இறங்கி, தேபானே என்கிற சுரங்க ரயிலில் ஏறி, நகரத்துக்கு அடியால் போய், மறுபக்கம் காட்டு ஓரத்தில் இறங்குவோம். ஏரியில் நீ பத்து நிமிடம்தான் நிற்பாய். பிறகு என் சேர்ட்டைப் பிடித்து இழுத்து, "அப்பா, எப்ப வீட்டை போறது?" என்று தொடங்கிவிடுவாய். பிள்ளைக்குத் தண்ணீர் பிடிக்கவில்லை என்று நாங்கள் நினைத்தோம். உனக்கு வேண்டியிருந்தது ரயில்.

முதல் பெட்டி, முதல் இருக்கை, ஓட்டுநரின் கதவுக்குப் பக்கத்தில். அதில் வேறு யாராவது இருந்தால் அடுத்த ரயில் வரும்வரை காத்து நிற்கச் சொல்லுவாய். ஒலிபெருக்கி சொல்வதற்கு முன்பே அடுத்த நிலையத்தின் பெயரை நீ சொல்லிவிடுவாய், அதே குரலில், அதே இழுவையில். ஒருநாள் எதிரே இருந்த நோர்வேஜிய அம்மா ஒருவர் அதைக் கேட்டுக் கைதட்டினார். நான் உன் தொடையில் கிள்ளினேன். "சும்மா இரடா, ஆக்கள் பாக்கினம்." அதற்குப் பிறகு நீ வாயை அசைத்தாய், சத்தம் வரவில்லை. அந்த அம்மாவுக்கு உன் சந்தோஷம் தெரிந்தது. எனக்கு ஆட்கள் பார்ப்பது மட்டும்தான் தெரிந்தது. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அது எந்த இருக்கையில் இருக்க ஆசைப்படுகிறது என்று கவனி. அதை ஒரு பெரிய விசயமாக எடு.

போலந்தில் மருத்துவம் படிக்க உனக்கு இடம் கிடைத்த நாளில், நீ என்ன நினைக்கிறாய் என்று நான் கேட்கவே இல்லை. கடிதத்தை உன் கையிலிருந்து வாங்கி, படம் எடுத்து, லண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் அனுப்பிய பிறகுதான் உன்னைக் கட்டிப்பிடித்தேன். ஏன் அப்படி என்று இப்போது சொல்ல முடிகிறது. இருபத்தேழு வருடமாக நான் முன்பின் தெரியாதவர்கள் படுத்தெழும்பிய விரிப்புகளைத் தோய்த்தேன். அந்த வேலையில் எனக்கு வெட்கம் இருக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்வேன். இருந்தது. கலியாண வீட்டில் யாராவது "நீர் என்ன செய்யிறீர்?" என்று கேட்டால் "ஹோட்டலிலை" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். நீ போலந்துக்குப் போன பிறகு எனக்குச் சொல்ல ஒரு நல்ல வசனம் கிடைத்தது. "மகன் டொக்டருக்குப் படிக்கிறார்." அதைச் சொன்னால் பிறகு யாரும் என்னைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

மூன்றாம் வருடம் ஈஸ்டர் விடுமுறைக்கு வந்தாய். சாப்பிட்டு முடிந்தும் கை கழுவ எழும்பாமல், கை காயும்வரை இருந்தாய். பிறகு சொன்னாய். "அப்பா, நான் திரும்பிப் போகேல்லை. ஒவ்வொரு நாளும் காலமை வகுப்புக்குப் போக மனம் வருகுதில்லை. ரெண்டு வருசமா ஏலுமோ எண்டு பாத்தனான். ஏலேல்லை."

அம்மா எழும்பிப் போய் உன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். நான் உன்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இதை ஆருக்கும் சொன்னனியோ?" என்பது. உனக்கு என்ன நடந்தது, நித்திரை வருகிறதா, சாப்பிட்டாயா என்று எதுவும் கேட்கவில்லை. இல்லை என்று தலையாட்டினாய். "இப்போதைக்குச் சொல்லாதை" என்றேன். அந்த இப்போதைக்கு இரண்டு வருடத்துக்கு மேல் நீண்டது.

பிறகு நீ தேபானே ஓட்டுநர் பயிற்சிக்கு எழுதிப் போட்டதையும், எடுபட்டதையும், சோதனைகள் முழுவதையும் முதல் தரத்திலேயே பாஸ் பண்ணியதையும் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். உன் முகம் மாறியிருந்தது. காலையில் குசினியில் பாட்டுக் கேட்டது. அதைப் பார்த்தும் நான் செய்தது என்ன? ஒரு கறுப்பு ஜக்கெட் வாங்கி வந்து, "வேலைக்குப் போகேக்கை உடுப்புத் தெரியாமல் இதைப் போட்டுக்கொண்டு போ, இந்த புளொக்கிலை எங்கடை ஆக்கள் கனபேர்" என்றேன். நீ யூலை வெயிலிலும் அதைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு போனாய். கேட்டவர்களுக்கு, "லீவிலை வந்து நிக்கிறார்" என்று நான் சொன்னேன். ஒரு மருத்துவ மாணவனுக்கு அவ்வளவு லீவு எங்கிருந்து வருகிறது என்று எவரும் கேட்காதது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

இனிப் போன வருடக் கோடை. என் அக்கா, உன் மாமி, டொரொண்டோவிலிருந்து பத்து நாளுக்கு வருவதாகச் சொன்னாள். எனக்கு மேலே பிறந்தவள், எங்கள் குடும்பத்தில் எனக்கு மிஞ்சியிருப்பவள் அவள் ஒருத்திதான். உன்னை எட்டு வயதில் பார்த்ததற்குப் பிறகு அவள் இங்கே வரவில்லை. அவள் விமானம் ஏற முந்தின கிழமை நான் உன் அறைக் கதவில் நின்று, "பத்து நாளைக்கு எங்கையாவது சிநேகிதன் வீட்டிலை நிக்கிறியோ?" என்று கேட்டேன். நீ உடனே விளங்கிக்கொண்டாய். "ஓம் அப்பா" என்றாய். உன் சாரத்தையும் பல் தூரிகையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு உன்னுடைய சொந்த வீட்டிலிருந்து போனாய். அம்மா அன்று குசினியை விட்டு வெளியே வரவில்லை.

அக்கா வந்திறங்கி முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து, ஒரு சின்னப் பெட்டியை என் கையில் வைத்தாள். உள்ளே நெஞ்சில் வைத்துப் பார்க்கிற ஸ்டெதஸ்கோப். உன்னை அவள் செல்லமாகக் கூப்பிடுவது ராசா என்று. "ராசாவுக்கு. இருக்கிறதுக்குள்ளை நல்லதாப் பாத்து வாங்கினனான்." நீ போலந்தில் ஆஸ்பத்திரிப் பயிற்சியில் நிற்கிறாய் என்று சொல்லி, அதைக் கொண்டுபோய்ச் சப்பாத்து அலுமாரிக்குள், குளிர்காலச் சப்பாத்துகளுக்குப் பின்னால் வைத்தேன்.

அவள் நின்ற ஐந்தாம் நாள் நல்ல வெயில். ஏரிக்குப் போகலாம் என்று சித்தி சொன்னாள். நான் கழிவறைக்குள் போய் உனக்கு ஃபோன் எடுத்து, அன்று எந்தப் பாதையில் ஓட்டுகிறாய் என்று கேட்டேன். வேறு பாதை என்றாய். அந்தத் தைரியத்தில் புறப்பட்டோம். வழியில் யாரோ ஓட்டுநர் ஒருவருக்குச் சுகமில்லாமல் போய் உன்னை எங்கள் பாதைக்கு மாற்றியது எனக்கு எப்படித் தெரியும்? கடைசி நிலையம் வந்தபோது ஒலிபெருக்கியில், இது கடைசித் தரிப்பு, உங்கள் பொருட்களை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள் என்று நோர்வேஜிய மொழியில் ஒரு குரல் சொன்னது. அம்மாவின் கை என் முழங்கைக்கு மேல் இறுகியது. அது உன் குரல்.

அக்காவுக்கு முழங்கால் வருத்தம். மெல்ல மெல்ல இறங்கினோம். ரயில் திரும்பிப் போவதற்கு ஓட்டுநர் மற்ற முனைக்கு மாற வேண்டும். நீ முன் கதவால் இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நடைமேடை நீளத்துக்கு எங்களை நோக்கி நடந்து வந்தாய். சீருடையில் உன்னை நான் ஜக்கெட் இல்லாமல் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. வடிவாக இருந்தாய். நீ எங்களைக் கண்டாய். ஒரு கணம் உன் நடை தடைப்பட்டது. நான் குனிந்து, அவிழாத சப்பாத்து நாடாவைப் பிடித்துக்கொண்டு, முகத்தை ரயில் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

நீ கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாய். பேசாமல் தாண்டிப் போயிருப்பாய். ஆனால் அந்த நேரம் பார்த்து அக்காவின் கைப்பை நழுவி விழுந்து, மருந்துப் பெட்டி, கைக்குட்டை, மூக்குக் கண்ணாடி எல்லாம் நிலத்தில் சிதறின. நீ குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டு, அவளுடைய கையில் கொடுத்து, உன் சொந்த மாமிக்கு, நோர்வேஜிய மொழியில், நல்ல நாளாக அமையட்டும் என்று சொன்னாய். அவள் "தாங்க்யூ, தாங்க்யூ" என்றாள். நீ போய்விட்டாய். நான் பார்த்துக்கொண்டிருந்தது உன் சப்பாத்துகளை.

"நல்ல பொடியன்" என்றாள் அக்கா. "பாக்க எங்கடை ஆக்கள் மாதிரிக் கிடக்கு."

"ஓம், இஞ்சை கனபேர் இருக்கினம்" என்றேன்.

அன்று ஏரிக்கரையில் எல்லோரும் கோழி சுட்டுச் சாப்பிட்டார்கள். நான் தள்ளிப்போய் ஒரு பாறையில் இருந்தேன். தண்ணீரில் யாரோ ஒரு தகப்பன் தன் பிள்ளையின் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து நீந்தப் பழக்கிக்கொண்டிருந்தான். கையை எடுத்தால் பிள்ளை தாழும், எடுக்காவிட்டால் பழகாது. அவன் எடுத்தும் எடுக்காமலும் நின்றான். நான் அதையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு தட்டில் சாப்பாடு கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். "அவன் உங்களைக் காப்பாத்திப்போட்டுப் போறான்" என்றாள். "நீங்கள் அவனைக் காப்பாத்தேல்லை." அதற்குப் பிறகு ஆறு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை.

அக்கா திரும்பிப் போனதும் நீ வீட்டுக்கு வந்தாய். ஏதாவது சொல்வாய், கத்துவாய் என்று காத்திருந்தேன். நீ தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "மாமியின்ரை முழங்கால் சரியில்லை அப்பா. அவவை அவ்வளவு தூரம் நடக்க விடாதேங்கோ" என்றாய். அவ்வளவுதான். நீ ஏசியிருந்தால் எனக்கு அன்று நித்திரை வந்திருக்கும்.

அப்போதாவது நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அக்கா எடுப்பாள், நான் போலந்துக் கதை சொல்லுவேன். பங்குனி மாதம் ஒரு ஞாயிறு அவளுடைய குரல் மெலிந்திருந்தது. நடந்தால் நெஞ்சை இறுக்குகிறது, இடது தோளுக்குள் ஏதோ இழுக்கிறது, இரண்டு கிழமையாக இப்படி என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போ அக்கா" என்றேன்.

"சும்மா எதுக்கெடுத்தாலும் ஆஸ்பத்திரியோ? இது வாய்வுதான். ஒருக்கால் ராசாவிட்டைக் கேட்டுச் சொல்லு. அவன் போகச் சொன்னால் போறன்."

நான் பொய்யாகக் கட்டிய டொக்டரை நம்பி ஒரு மனுசி நெஞ்சு நோவோடு வீட்டில் இருக்கிறாள். உண்மையைச் சொன்னால், அந்தக் கோபத்திலும் கதையிலும் நேரம் போய்விடும், போகாமல் விட்டுவிடுவாள் என்று பயம். "அவன் இஞ்சைதான் நிக்கிறான், கேட்டனான், உடனை போகட்டாம்" என்றேன். இன்னொரு பொய். அவள் அன்றே போனாள். இதயக் குழாயில் அடைப்பு என்று அங்கேயே மறித்து வைத்து, மறுநாள் சரிசெய்தார்கள். இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் என்று மருத்துவர் சொன்னதை அக்காவின் கணவர், அத்தான், எனக்கு ஃபோனில் முழுதாகச் சொல்லவில்லை. நான் ஃபோனை வைத்துவிட்டு, சப்பாத்து அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்து அழுதேன். அவள் தப்பியது என் பொய்யால் என்று ஒரு மனம் சொன்னது. டொக்டர் மருமகன் இருக்கிறான் என்று இரண்டு கிழமை அவள் வீட்டிலேயே இருந்ததும் அதே பொய்யால்தானே என்று மற்ற மனம் சொன்னது.

அவள் குணமாகி, இந்தக் கோடையில் அத்தானோடு மறுபடி வருகிறேன் என்றாள். "என்ரை டொக்டர் பிள்ளைக்கு நேரிலை நன்றி சொல்லவேணும்." நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "இந்த முறை அவன் வீட்டை விட்டுப் போகான். ஆராவது போறதெண்டால் நீங்கள் போங்கோ."

விமான நிலையத்தில் சொல்லிவிடலாம் என்று போனேன், முடியவில்லை. காரில் சொல்லலாம் என்று பார்த்தேன், அத்தான் முழு வழியும் கதைத்துக்கொண்டே வந்தார். மறுநாள் காலை நீ உன் அறையிலிருந்து வந்தாய். அக்கா எழும்பி உன் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ராசா, உன்ரை சொல்லாலைதான் நான் இண்டைக்கு உசிரோடை நிக்கிறன்."

உனக்கு எதுவும் விளங்கவில்லை. நான் அந்த விசயத்தை உனக்குச் சொல்லியிருக்கவே இல்லை. நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவளைப் பார்த்தாய். "ஓம் மாமி, இப்ப எப்பிடி இருக்கு?" என்று தொடங்கினாய். அந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ அறுந்தது. என்ன ஏது என்று தெரியாமலே நீ மறுபடியும் குனிந்து என் பொருட்களைப் பொறுக்கத் தொடங்கிவிட்டாய்.

"அக்கா, அவன் சொல்லேல்லை" என்றேன். "அவனுக்கு உது ஒண்டும் தெரியாது. அவன் டொக்டருக்குப் படிக்கேல்லை. விட்டு ரெண்டு வருசத்துக்கு மேலை. அவன் றெயின் ஓட்டுறான். நான்தான் எல்லாருக்கும் பொய் சொன்னனான்."

அத்தான் கோப்பையை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. அக்கா உன் கைகளை உடனே விடவில்லை. மெல்ல விட்டாள், பிறகு எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணித்தியாலம் கதவு திறக்கவில்லை. அந்த ஒரு மணித்தியாலம் நான் எதை நினைத்தேன் தெரியுமா? பயம் என்று நான் இத்தனை காலம் தூக்கித் திரிந்த பொருள் இவ்வளவுதானா என்று நினைத்தேன். வாயால் சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. தோள் இரண்டும் நோகத் தொடங்கின, பாரம் இறக்கிய பிறகு நோகுமே, அதுபோல.

கதவு திறந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. நேரே உன்னிடம் வந்து, உன் தாடியை, நெற்றியை, உற்றுப் பார்த்தாள்.

"போன வருசம், அந்த ஏரிக்குப் போன அண்டைக்கு... என்ரை பையைப் பொறுக்கித் தந்தது நீயோ?"

நீ நிலத்தைப் பார்த்தாய். "ஓம் மாமி."

"உன்ரை அப்பா அப்ப எங்கை நிண்டவர்?"

"பக்கத்திலை நிண்டனான்" என்றேன் நான்.

அவளுக்கு எழுபத்திரண்டு வயது, எனக்கு அறுபத்திமூன்று. அவள் திரும்பி என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு இன்னொன்று. "பெத்த பிள்ளையைத் தெரியாத மாதிரி நிண்டனியோ? என்னட்டைச் சொல்லப் பயந்தோ? நான் உனக்கு அப்பிடி என்னடா செய்தனான்?" என்று கேட்டு அழுதாள். நீ படிப்பை விட்டதைப் பற்றி அவள் ஒரு சொல் சொல்லவில்லை. அன்று பின்னேரம்தான், உன்னைத் தன் பக்கத்தில் இருத்தி, "கஸ்ரப்பட்டனியோ ராசா அங்கை?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை இரண்டு வருடத்துக்கு முன் மேசையில் நான் கேட்டிருக்க வேண்டும். நீ அவளுக்கு ஒரு மணித்தியாலம் பதில் சொன்னாய். நான் குசினியில் நின்று, என் மகனுக்கு என்ன நடந்தது என்பதை முதல் தடவையாகக் கேட்டேன்.

எல்லோரும் அக்காவைப் போல இருக்கவில்லை. சித்தப்பா, "எங்களுக்குமோ பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டுவிட்டு ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவருடைய கோபம் நியாயம். இன்னும் இரண்டு பேர் என்னைக் கண்டால் செத்த வீட்டில் கதைப்பதுபோலக் குரலைத் தாழ்த்துகிறார்கள். அத்தான் மட்டும் நிமிடத்துக்கு ஒரு கேள்வி கேட்டு உன்னைக் களைக்கப் பண்ணினார். சிவப்பு விளக்கை மீறினால் ரயில் தானாக நிற்குமா, சுரங்கத்துக்குள் எவ்வளவு இருட்டு, தும்மல் வந்தால் என்ன செய்வாய். உனக்குப் பதில் சொல்லச் சொல்ல முகம் மலர்ந்தது. அந்தக் கிழமை நீ ஓட்டிய ரயிலில் நாங்கள் எல்லோரும் ஏறினோம். கடைசி நிலையத்தில் நீ இறங்கி வந்தபோது அக்கா சனத்துக்கு நடுவில் "ராசா!" என்று கூப்பிட்ட கூப்பாட்டில் நாய் கொண்டு போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். உனக்கு இருந்தது நாலு நிமிடம். அதற்குள் இரண்டு பற்றீஸ் தின்னவைத்துத்தான் விட்டாள். ஆட்கள் பார்த்தார்கள்தான். எனக்கு அது நல்லாக இருந்தது. ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் கொடுத்தேன். "கொண்டு போறன், எங்கடை பக்கத்து வீட்டுப் பிள்ளை நேர்ஸ் படிக்குது" என்று சாதாரணமாகத் தன் பெட்டியில் போட்டுக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு ஒரு பின்னேரம் நீயும் நானும் இந்தப் பல்கனியில் இருந்தோம். நான் மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், "அண்டைக்கு அந்த பிளாட்ஃபோமிலை..." என்று தொடங்கினேன். நீ முடிக்க விடவில்லை.

"அப்பா, அண்டைக்கு எனக்குக் கோவம் வரேல்லை. நீங்கள் பயந்துபோய் நிண்டீங்கள். பாவமா இருந்தது." பிறகு, "அடுத்த நாளிலையிருந்து வந்தது. ஒரு மாசம் நல்லாக் கோவம்" என்றாய்.

நீ அந்த இரண்டாவது வசனத்தைச் சொன்னதற்கு உனக்கு நன்றி. முதலாவதோடு நிறுத்தியிருந்தால் நீ இன்னும் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். பேர்கனுக்குப் போகும் உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். அங்கே ஒருநாள் வேலை பிடிக்காமல் போகலாம், நீ சேர்ந்து வாழப் போகிற அந்தப் பிள்ளையோடு சண்டை வரலாம், வெயில் இல்லாத மாதங்களில் மனம் விழலாம். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில், "எல்லாம் நல்லம் அப்பா" என்று என்னை ஆறுதல்படுத்தாதே. நல்லம் இல்லாவிட்டால் நல்லம் இல்லை என்று சொல். நான் முதலில் பிழையான கேள்வியைத்தான் கேட்பேன், பழக்கதோஷம். கொஞ்சம் பொறுத்துக்கொள், இரண்டாவது கேள்வி சரியாக வரும்.

நேற்று அம்மா என்னைக் குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்கு அனுப்பினாள், உனக்குக் கட்டிவிட மிளகாய்த்தூளும் முருங்கைக்காயும் வாங்க. பேர்கனில் முருங்கைக்காய் கிடைக்காது என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. கடையில், காய் தெரிவுசெய்துகொண்டு நிற்கும்போது, முன்பு எங்கள் ஹோட்டலில் குசினியில் வேலை செய்த ஒருவர் வந்தார். கண்டு ஏழெட்டு வருடம் இருக்கும். சுகம் விசாரித்துவிட்டு, எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "மகன் இப்ப என்ன செய்யிறார்?"

"தேபானே ஓட்டினவர். இப்ப பேர்கனிலை ட்ராம் ஓட்டப் போறார்" என்றேன்.

அடுத்து வரப்போகும் கேள்விக்கு என்னிடம் பதில்கள் தயாராக இருந்தன. அது பொறுப்பான வேலை, சோதனை கடினம், அவனுக்குச் சின்ன வயதிலேயே அதில் விருப்பம். அவர், "அப்பிடியோ, நல்லது" என்றார். என் கையிலிருந்த முருங்கைக்காயை வாங்கி, நகத்தால் அழுத்திப் பார்த்து, "இது முத்தல் அண்ணை, அங்காலை நல்லது கிடக்கு" என்று காட்டிவிட்டு, தன் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

சாமானோடு வெளியே வந்து, நிலையத்துக்குள் இறங்காமல், வெயிலில் ஆற்றோரமாகக் கனதூரம் நடந்தேன். கை இரண்டும் பாரம். ஆனாலும் வாய் தன்பாட்டில் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனது. என்ன பாட்டென்று இப்போது நினைவில்லை.

சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ. பேர்கன் மழைக்கு நல்ல சப்பாத்து வாங்கு.

உன் அப்பா